விசைப்படகில் ஒரு விளரி யாழ்

தமிழாசிரியர்களிடம் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரையறை உண்டு. பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்பார்கள். திருமண அழைப்பிதழை நீட்டி, இந்த இடத்தில் ஒற்று மிகுமா என்பார்கள். பட்டிமன்றத் தலைப்புக் கேட்பார்கள். இவற்றுள் அடங்காத கேள்வி ஒன்று மே மாதத்தில் ஒருநாள் நம்மிடம் வந்தது.

"ஐயா, படகுக்கு ஒரு சப்வூஃபர் வாங்கணும். எடம் அடைக்காம சின்னதா இருக்கணும், ஆனா நல்லா அதிரணும். எந்த ஆம்ப்ளிஃபையர் போடலாம்?"

கேட்டவர் நம்மிடம் இளங்கலை பயின்ற காசிமேட்டு மாணவர். பட்டம் வாங்கிய பின் தந்தையோடு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நம்மைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. தமிழிசையின் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களை விளக்க ஒருமுறை வகுப்புக்கே ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் நாம். நம் ஒலிப்பித்து அன்றே அம்பலமாகிவிட்டது. இன்று பேஸ் என்று எல்லாரும் சொல்லும் தாழ்ந்த ஓசைக்கு மெலிவு என்று நம் முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள் என்று அன்று சொன்னதை அந்த மாணவர் மறக்கவில்லை. மெலிவு வலிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய சிக்கல்.

காலமும் பொருத்தமானது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், சாயம் பூசுவதும், என்ஜினைப் பிரித்துப் பூட்டுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். வீல்ஹவுஸில் பாட்டுச் செட்டை மாற்றுவதும் அப்போதுதான்.

உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கேள்வியைக் கேட்டதும் நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 12 அங்குல சப்வூஃபர், 500 வாட் ஆம்ப்ளிஃபையர், ரிச்சி தெருவில் எங்கே கேட்பது என்பது வரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அளவெடுத்துப் பார்க்கலாமே என்று ஒரு ஞாயிறு காலை காசிமேட்டுக்கும் போனோம். அங்கே போன பிறகுதான் நாம் எழுதிக் கொடுத்தது எவ்வளவு பிழையானது என்று விளங்கியது.

படகின் உரிமையாளரான தந்தை நம்மை அன்போடு வரவேற்றார். செட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும், "பாட்டே வேணாம் சார்" என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை. வலையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வின்ச் அருகில் நின்றவரின் கை இரும்பு வயரில் சிக்கிக்கொள்கிறது. அவர் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார். சுக்கானில் நின்று என்ஜினைத் தணிக்க வேண்டியவர் இந்தப் பெரியவர். வீல்ஹவுஸில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

"அந்தப் பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்கு நடுவுலதான் சார் அவன் கத்துனது எனக்குக் கேட்டுச்சு."

இரண்டு விரல்கள் போயின. விரலிழந்தவர் இன்றும் அதே படகில்தான் இருக்கிறார். நாம் போனபோது படகின் பக்கவாட்டில் நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அன்று படகில் இருந்தது சப்வூஃபர் கூட இல்லாத சாதாரணச் செட்டு. நம் தாளில் இருந்தது 12 அங்குலம்.

மகன் விட்டுக்கொடுக்கவில்லை. கடலில் பல நாள் தங்குகிறோம், இரவு முழுக்கச் சுக்கான் பிடிப்பவன் பாட்டு இல்லாவிட்டால் உறங்கிவிடுவான் என்றார். அதுவும் பொய்யன்று. இதைப் படிக்கும் இலக்கிய அன்பர்களுள் சிலர், அலையோசை இருக்கச் சினிமாப் பாட்டு எதற்கு என்று கேட்கக்கூடும். அலையோசை கரையில் நிற்பவருக்குக் கேட்பது. ஓடும் விசைப்படகில் கேட்பது என்ஜின் ஓசை ஒன்றுதான். பகலும் அதுவே, இரவும் அதுவே. அந்த ஒற்றை ஓசைக்குள் பத்து நாள் வாழ்கிறவருக்குப் பாட்டு ஆடம்பரமன்று. கடலைப் பற்றிப் படித்தவர்கள் கடலில் உழைப்பவருக்கு மௌனத்தைப் பரிந்துரைப்பது எளிது.

ஆக, பாட்டு வேண்டும். ஆனால் கத்தினால் கேட்கவும் வேண்டும். படகுக்கு ஒலிக்கருவி தேர்வதில் இதுவே முதல் அளவுகோல் என்பது நம் துணிபு. கடைக்காரரின் அளவுகோல் வாட், நம்முடையது இது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால், சப்வூஃபர் சின்னதாக இருப்பது இடத்துக்காகச் செய்துகொள்ளும் சமரசமாக இராது. சின்னதாக இருப்பதே சரியானது என்று விளங்கும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் என்ஜின். ஆறு சிலிண்டர் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஆக நிமிடத்துக்கு 4500, நொடிக்கு 75 எரிப்புகள். என்ஜினின் அடிப்படை ஓசை 75 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் வேலை செய்யும் களமும் ஏறத்தாழ 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைதான். அதாவது, சப்வூஃபர் பாடத் தொடங்கும் இடத்தில் என்ஜின் முன்பே உட்கார்ந்திருக்கிறது. அதை வெல்ல வேண்டும் என்று பேஸைக் கூட்டத் தொடங்கினால் அந்தப் போட்டிக்கு முடிவே இல்லை. வாட்டை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டாவது, மறைத்தல். உரத்த தாழ்ந்த ஓசை தனக்கு மேலேயுள்ள ஓசைகளை மறைக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. ஒலியியலார் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. அதிரும் பேஸும் என்ஜினும் சேர்ந்து காதை நிரப்பிவிட்டால் மனிதக் குரலுக்கு அங்கே இடம் குறைந்துபோகிறது.

மூன்றாவது, கப்பல். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்புக்கான பன்னாட்டு விதிகளில் ஐந்தாம் விதி, எல்லாக் கலங்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் இருக்க வேண்டும் என்கிறது. மூடுபனியிலும் பெருமழையிலும் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகு ஒரு நீண்ட ஊதலும் இரண்டு குறு ஊதல்களும் ஊத வேண்டும். அந்த ஊதலின் சுரம் கூட விதியில் வரையறுக்கப்பட்டுள்ளது. 75 மீட்டருக்குக் குறைந்த கலத்துக்கு 250 முதல் 700 ஹெர்ட்ஸ். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ். கப்பல் பெரிதாகப் பெரிதாக அதன் குரல் தாழ்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்துபோகும் மாபெரும் கப்பல்களின் எச்சரிக்கைக் குரல், நாம் எழுதிக் கொடுத்த 12 அங்குலப் பெட்டி முழங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. மரப்படகை மோதினால் மோதியதே தெரியாமல் போகக்கூடிய அந்தக் கப்பலின் குரலைத்தான் நாம் பாட்டால் மூடச் சொல்லியிருக்கிறோம்.

நிற்க. எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம்.

ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களிடம் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. ஆழமான பேஸ், உரத்த ஒலி, சிறிய பெட்டி என்னும் மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை இழக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலோர் இழக்க விரும்புவது சிறுமையை. படகில் நாம் இழக்க வேண்டியது உரப்பை. ஆழமும் சிறுமையும் போதும். இதற்குரிய பெட்டி நான்கு பக்கமும் அடைத்த வகை. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி ஆழமான பேஸை வரவழைத்துக் காட்டினார். அதுவரை பேஸ் வேண்டும் என்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும் என்றிருந்தது. துளை வைத்த பெட்டி அதே வாட்டுக்குக் கூடுதலாக ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரிதாக இருக்க வேண்டும். துளை வழியே உப்புக்காற்றும் நீரும் புகும்.

அளவு 8 அங்குலம் போதும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் நாம் சொக்கிப்போகும் பேஸ் கிதாரின் ஓட்டங்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நடக்கின்றன. அடிச்சுரம் சற்றுக் குறைவாக ஒலித்தாலும், அதன் மேற்சுரங்களைக் கொண்டு காது அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மேலும், 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். திறந்த தளத்தில் அதைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. எத்தனை வாட் கொட்டினாலும் கடல் குடித்துவிடும். மூடிய வீல்ஹவுஸ் காரைப் போலச் சிறிய அறை. அங்கே தாழ்ந்த ஓசை தானாகவே சற்று எழும்பும். ஆகவே சுக்கான் பிடிப்பவரின் அறையை நிரப்பினால் போதும், கடலை நிரப்ப வேண்டா என்று முடிவு செய்துகொண்டால், கார் இருக்கைக்கு அடியில் செருகும் வகையில் ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே அடங்கிய தட்டைப் பெட்டி ஒன்றே போதுமானது.

ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வாங்குவதானால் டி வகுப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை வெப்பமாக வீணாக்கும். டி வகுப்பு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஸ்பீக்கருக்குத் தரும். பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணை நம்ப வேண்டா. தொண்ணூறுகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் எழுதி விற்றதை நம் தலைமுறை அறியும். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை ஓம் சுமைக்கு என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். 4 ஓமில் 100 முதல் 150 வாட் ஆர்.எம்.எஸ். வீல்ஹவுஸுக்குத் தாராளம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 150 வாட் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் முழு வீச்சில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுக்கும். பாட்டு எப்போதும் உச்சத்தில் இராது. சராசரியாக 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், என்ஜினை அணைத்து நங்கூரமிட்ட இரவில் எட்டு மணி நேரத்துக்கு 32 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. என்ஜினைக் கிளப்பும் பேட்டரிகள் இப்படி ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கா. காலையில் என்ஜின் கிளம்பாது, விளக்கு எரியாது, விஎச்எஃப் கருவி பேசாது. நடுக்கடலில் தள்ளிவிட ஆள் கிடையாது. நாம் முதலில் சொன்ன 500 வாட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. பாட்டுக்குத் தனி பேட்டரி வைப்பது நல்லது. இல்லையேல் மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

படகில் இருப்பது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்ப்பது அதற்கும் முந்தைய வேலை. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் படகில், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துச் செட்டுக்குக் கொடுக்கும் குறுக்குவழி உண்டு. அப்படிச் செய்தால் ஒன்று வற்றும், மற்றொன்று மிகையாக மின்னேறும். இரண்டும் விரைவில் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குவதே முறை.

உப்பு எதையும் விடாது. காகிதக் கூம்பு வேண்டா. பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் நல்லவை. கம்பி, ஈயம் பூசிய செம்புக் கம்பி. திருகுகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அன்று, கம்பியை. கம்பி எரிந்தால் படகு எரியும். படகுக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் விலை கூடுதல். அவற்றை வாங்க முடியாதவர்கள் கார்ப் பெட்டியை வாங்கினாலும், வீல்ஹவுஸுக்குள் தரையிலிருந்து சற்று உயர்த்தி, நனையாத இடத்தில், படகு உருண்டாலும் நகராதபடி போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும்.

இரண்டு சோதனைகளைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஸ்பீக்கரில் வலிய காந்தம் இருக்கிறது. பெட்டியைத் திசைகாட்டிக்கு அருகே கொண்டுவந்து முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாத தொலைவே பெட்டிக்கு உரிய இடம். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். பேட்டரி போனால் ஜி.பி.எஸ். போகும், முள் போகாது. அடுத்து, விஎச்எஃப் கருவியை 16ஆம் அலைவரிசையில் வைத்து, ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரைப் போட வேண்டும். இரைச்சல் கூடினால் ஆம்ப்ளிஃபையரின் இடத்தையோ கம்பி போகும் வழியையோ மாற்ற வேண்டும். அபாயக் குரல் வரும் வழி அது.

இத்தனையும் ஒரு புதிய தாளில் எழுதிக்கொண்டு மறு ஞாயிறு மீண்டும் போனோம். முதல் தாளைக் கிழித்துப் போடும்படி மாணவரிடம் கேட்டுக்கொண்டோம். மாணவரிடம் பிழையை ஒப்புக்கொள்வது ஆசிரியருக்கு எளிதன்று. ஆனால் இலக்கணப் பிழையாக இருந்தால் மதிப்பெண் போகும், இங்கே போவது வேறு.

தந்தை தாளைப் பார்த்தார். "எல்லாம் சரி சார். அவன் கத்துனா கேக்குமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு 8 அங்குலம் முழு விடையாகாது. சிறிய பெட்டியையும் உரக்க வைக்கலாம். அப்போதுதான் மிக எளிய வழி ஒன்று புலப்பட்டது. கார்ச் செட்டுகளில், சாவியைத் திருப்பினால் செட்டுக்கு உயிர் கொடுக்கும் சிவப்புக் கம்பி ஒன்று இருக்கும். செட்டு எழுந்தால் அதிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் கம்பி ஆம்ப்ளிஃபையரை எழுப்பும். அந்தச் சிவப்புக் கம்பியை வின்ச் வரை கொண்டுபோய், நீர்புகா ரப்பர் உறையிட்ட ஒரு சுவிட்சின் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். வின்ச் அருகே நிற்பவர் அதைத் தட்டினால் செட்டும் சப்வூஃபரும் ஒருங்கே அடங்கும். பாட்டு சட்டென நிற்பதே சுக்கானில் இருப்பவருக்கு அழைப்பு. ஆகும் செலவு ஒரு சுவிட்சும் சில மீட்டர் கம்பியும்.

நம் பொருளிலக்கண மரபு நெய்தலுக்கு உரிய கருப்பொருள்களை வகுத்தபோது யாழையும் பறையையும் தனித்தனியே வைத்தது. நெய்தலின் யாழ் விளரி; இரங்கலுக்கு இசைந்தது. நெய்தலின் பறை மீன்கோட்பறை; மீன் கொள்ளும் வேலைக்கு உரியது என்பது பெயரிலேயே இருக்கிறது. தேர்வுக்காக இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தோம். பின்னர் பிறரை மனப்பாடம் செய்யவும் வைத்தோம். ஒரே நிலத்துக்கு இரண்டு ஓசைகள் ஏன் என்று நாம் கேட்டதில்லை. மனத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. கடலில் இருப்பவருக்கு இரண்டும் வேண்டும். யாழ் எவ்வளவு இனிதாயினும் பறையை மூழ்கடிக்கலாகாது. ஆயிரம் வாட்டும் 12 அங்குலமும் விற்கும் கடைகளில் இந்தப் பாகுபாடு இல்லை. அவை காருக்குச் செய்யப்பட்டவை. காரில் யாரும் வலை இழுப்பதில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் படகு நீரில் இறங்கியது. சுவிட்சை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதை நாம் சொல்லவில்லை, மாணவரும் சொல்லவில்லை. விரலிழந்தவரை வின்ச் அருகே நிறுத்தி, வலக்கை வயரில் இருக்கும்போது இடக்கை எங்கே எட்டும் என்று பார்த்து அங்கே துளையிட்டார்கள். மாணவர் பாட்டைப் போட்டார். அவர் தமக்கு எஞ்சிய மூன்று விரல்களால் சுவிட்சைத் தட்டினார். பாட்டு நின்றது. வீல்ஹவுஸிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார். மீண்டும் போடச் சொல்லி, மீண்டும் தட்டச் சொல்லி, ஐந்து முறை அப்படி எட்டிப் பார்த்த பிறகே அவர் நமக்குத் தேநீர் வாங்கிவர ஆள் அனுப்பினார்.